நெடும்பலகையிலிருந்து குறும்பலகைக்கு: கோவளக் கடலில் திரும்பக் கற்றல்

தமிழ்நாட்டில் கோவளம் என்றால் சென்னைக்குத் தெற்கே உள்ள மீனவக் கிராமமே பலருடைய நினைவுக்கு வரும். இக்கட்டுரை பேசும் கோவளம் வேறு. திருவனந்தபுரம் நகருக்குத் தெற்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில், விழிஞ்ஞத்தை அடுத்து, பிறைவடிவக் கடற்கரைகள் வரிசையாக அமைந்த ஊர் அது. 1972ஆம் ஆண்டு முதல் ஒளிவீசிவரும் சிவப்பும் வெள்ளையுமான கலங்கரை விளக்கத்தின் கீழே, பருவம் அமைதியாக இருக்கும் மாதங்களின் காலைப்பொழுதுகளில், பலகைகளோடு கடலில் இறங்குவோரைக் காணலாம். அவர்கள் பயில்வது சர்ஃபிங் என்னும் அலைச்சறுக்கு.

புதிதாகக் கற்பவர் கையில் இருப்பது பெரும்பாலும் எட்டு அல்லது ஒன்பது அடி நீளமுள்ள பலகை. சில நாள் பயிற்சியில் அதன்மீது எழுந்து நிற்கவும், நுரைத்து வரும் அலையோடு நேராகக் கரைக்கு வந்து சேரவும் இயலும். அந்த மகிழ்ச்சி ஓரிரு மாதங்களில் போதாததாகிவிடும். தேர்ந்தவர்கள் ஆறடிப் பலகையில் அலையின் முகத்தில் ஏறி இறங்கி வளைந்து திரும்புவதைப் பார்த்து, ‘நானும் சிறிய பலகைக்கு மாறினால் அவ்வாறு திரும்பலாமே’ என்ற எண்ணம் எழும். இவ்வெண்ணத்தில் பாதி உண்மை, பாதி மயக்கம். சிறிய பலகை எளிதாகத் திரும்பும் என்பது உண்மை. அது நமக்குத் திரும்பக் கற்றுத்தரும் என்பது மயக்கம்.

கோவளத்தில் வேரூன்றிய விளையாட்டு

பலகை ஒன்றின்மீது நின்று அலையைக் கடப்பது இக்கரைக்குப் புதியதன்று. மென்மரக் கட்டைகளைக் கயிற்றால் பிணைத்த கட்டுமரத்தில் நின்றும் முழந்தாளிட்டும், உடைந்து சிதறும் அலைவரிசையைத் துடுப்பு ஒன்றின் துணையோடு கடந்து செல்வது குமரி முதல் திருவனந்தபுரம் வரையுள்ள மீனவர்களின் தலைமுறைத் திறன். ஆங்கிலத்தில் வழங்கும் ‘கேட்டமரன்’ என்ற சொல்லே நம் கட்டுமரத்திலிருந்து பிறந்ததுதான். எனினும், அலையில் சறுக்குவதையே நோக்கமாகக் கொண்ட இன்றைய விளையாட்டு இங்கு அமைப்பாக உருப்பெற்றது 2005ஆம் ஆண்டில். பெல்ஜியத்தைச் சேர்ந்த யெல்லே ரிகோல் அவ்வாண்டில் கோவளம் சர்ஃப் கிளப்பைத் தொடங்கினார். செபாஸ்டியன் இந்தியன் சோஷியல் புராஜெக்ட்ஸ் என்னும் தொண்டு நிறுவனத்தோடு இணைந்து இயங்கிய அக்கழகம், ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு ஒரே ஒரு நிபந்தனையோடு பலகை வழங்கியது: பள்ளிக்குச் செல்லாதவருக்கு அலைச்சறுக்கும் இல்லை.

அந்த நிபந்தனையின் பயன் வீண்போகவில்லை. கோவளத்தில் இக்கலையைக் கற்ற ரமேஷ் புடிஹால், 2025 ஆகஸ்டு மாதம் மாமல்லபுரத்தில் நடைபெற்ற ஆசிய அலைச்சறுக்குப் போட்டியில் ஆடவர் பிரிவில் வெண்கலப் பதக்கம் பெற்றார். அப்போட்டியில் தனிநபர் பிரிவில் இந்தியர் ஒருவர் பதக்கம் வென்றது அதுவே முதல்முறை. போட்டிகளில் நடுவர்கள் மதிப்பெண் இடுவது பலகைமீது நிற்பதற்காக அன்று; எவ்வளவு வேகத்தோடும் துணிவோடும் கட்டுப்பாட்டோடும் திரும்புகிறார் என்பதற்காகவே. ஆகவே இவ்விளையாட்டின் உயிர்நாடி திரும்புதல் எனலாம்.

நீளம் தருவதும் நீளம் பறிப்பதும்

பலகையின் நீளம் குறையும்போது உண்மையில் என்ன மாறுகிறது என்பதை முதலில் அறிந்துகொள்வோம். அலைச்சறுக்குப் பலகைகளின் பருமனை லிட்டர் கணக்கில் குறிப்பர். ஒரு லிட்டர் பருமன் கடல்நீரில் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் எடையைத் தாங்கும். ஒன்பது அடி நெடும்பலகையின் பருமன் 70, 80 லிட்டர் வரை இருக்கும். ஆறடிக் குறும்பலகையின் பருமன் 25 முதல் 35 லிட்டர்தான். எழுபது கிலோ எடையுள்ள ஒருவர் நெடும்பலகையில் குப்புறப் படுத்தால், உடல் முழுவதும் நீருக்குமேல் இருக்கும். குறும்பலகையில் படுத்தால், பலகையும் மார்பும் நீரில் அமிழ்ந்தே இருக்கும். அமிழ்ந்த உடலை நீர் இழுத்துப் பிடிக்கும். அதனால் கைகளால் துழாவி முன்னேறுவது கடினமாகிறது.

அலையைப் பிடிப்பதிலும் இதே வேறுபாடுதான். நெடும்பலகை சாய்வு குறைந்த அலையிலேயே வேகம் பெற்று வழுக்கத் தொடங்கும். எழுந்து நிற்க நேரம் கிடைக்கும். குறும்பலகைக்கோ அலை செங்குத்தாக எழவேண்டும். அது உடையும் தறுவாயில் நொடிப்பொழுதில் எழுந்து நிற்கவேண்டும். வாரத்தில் ஒரு நாள் மட்டும் கடலுக்கு வருபவர் குறும்பலகையோடு இறங்கினால், ஒரு மணி நேரத்தில் பிடிக்கும் அலைகள் விரல்விட்டு எண்ணத்தக்கனவாகிவிடும். அலை கிடைக்காதபோது திரும்புதலைப் பயில்வது எங்ஙனம்?

மறுபுறம், குறும்பலகை தரும் நன்மைகளும் உண்மையானவை. நீரில் படியும் நீளம் குறைவாதலால் சிறு உந்துதலுக்கே அது திசை மாறும். செங்குத்தான அலையில் அதன் மூக்கு எளிதில் குத்திக்கொள்ளாது. எதிர்வரும் நுரையலையின் அடியில் அதை அமிழ்த்தி மறுபுறம் வெளிவரலாம். நெடும்பலகையை அவ்வாறு அமிழ்த்த இயலாது.

பனியில் சறுக்குவோரிடமும் இதே அனுபவத்தைக் காணலாம். குல்மார்க்கிலும் ஔலியிலும் பயன்படும் வழக்கமான பனிச்சறுக்குக் கட்டைகள், பெரியவர்களுக்கு மோவாயை எட்டும் உயரமோ அதற்கு மேலோ இருக்கும். அவற்றை விட்டு ஒரு மீட்டருக்கும் குறைவான ஸ்கீபோர்டுக்கு மாறுவோர், கையில் ஊன்றுகோலும் இன்றி, நினைத்த கணத்தில் திரும்ப முடிவதைக் கண்டு வியப்பர். அடுத்த கணமே, சற்றுப் பின்னால் சாய்ந்தால் தாங்கிப் பிடிக்க வால்பகுதி இல்லை என்பதையும் உணர்வர். நீண்ட கட்டை நம் பிழைகளை மன்னிக்கிறது. குறுகிய கட்டை அவற்றை உடனே காட்டிக்கொடுக்கிறது. பனிக்கும் கடலுக்கும் உள்ள உறவு தற்செயலானதன்று. 1965ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிச்சிகனில் ஷெர்மன் பாப்பென் தம் மகள்களுக்காக இரண்டு பனிச்சறுக்குக் கட்டைகளைச் சேர்த்துப் பிணைத்து உருவாக்கிய விளையாட்டுப் பொருளுக்கு, ‘ஸ்னோ’, ‘சர்ஃப்’ என்னும் இரு சொற்களையும் இணைத்து ‘ஸ்னர்ஃபர்’ என்றே பெயர் வழங்கியது. இன்றைய ஸ்னோபோர்டின் முன்னோடி அதுவே.

பலகை ஏன் திரும்புகிறது?

வாகனங்களில் இருப்பதுபோல் இங்குச் சுக்கான் இல்லை. பலகையைத் திருப்புபவை மூன்று. முதலாவது, பலகையின் விளிம்பு. ஒரு பக்கமாகச் சாய்த்தால் அப்பக்க விளிம்பு நீரைக் கீறிப் பற்றிக்கொள்ளும். விளிம்பின் வளைவை ஒட்டியே பலகையின் பாதையும் வளையும். இரண்டாவது, அடிப்பகுதியின் வளைவு. முன்னும் பின்னும் சற்று மேல்நோக்கி வளைந்துள்ள பலகையில் பின்காலை அழுத்தினால், முன்பகுதி நீரைவிட்டு எழும். நீரில் படியும் நீளம் குறையும்; பலகை வால்பகுதியை அச்சாகக் கொண்டு சுழலும். மூன்றாவது, வால்பகுதியின் அடியில் மீனின் துடுப்புபோல் பொருத்தப்பட்டிருக்கும் ஃபின். பலகை பக்கவாட்டில் வழுக்கிவிடாமல் தடுப்பது இதன் பணி.

இவை ஒரே நாளில் தோன்றியவை அல்ல. டாம் பிளேக் என்னும் அமெரிக்கர் 1935ஆம் ஆண்டில் பலகையின் அடியில் ஃபின் பொருத்திய பின்னரே, காலை நீரில் ஊன்றி இழுக்காமல் திசைமாற்றுவது கைகூடியது. 1960களின் நடுப்பகுதி வரை ஒன்பது அடிக்கு மேற்பட்டனவே வழக்கில் இருந்தன. அந்தப் பத்தாண்டின் முடிவிற்குள் பலகைகள் பல அடி குறைந்தன. 1980களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் சைமன் ஆண்டர்சன் மூன்று ஃபின்கள் கொண்ட பலகையை உருவாக்கி, 1981ஆம் ஆண்டில் அதைக்கொண்டே பெல்ஸ் கடற்கரைப் போட்டியை வென்றார். இன்றும் குறும்பலகைகளில் பெரும்பாலானவை மூன்று ஃபின் அமைப்பையே பின்பற்றுகின்றன. பலகைகள் குறுகியதால் மனிதர் திரும்பக் கற்கவில்லை; இன்னும் கூர்மையாகத் திரும்ப விரும்பியதால் பலகைகளைக் குறுக்கினர் என்பதே வரலாறு உணர்த்துவது.

நெடும்பலகையிலேயே தொடங்கும் பாடம்

திரும்புதலின் முதற்பாடம் இடுப்பளவு நீரில், நுரையலையிலேயே தொடங்கிவிடலாம். நேராகச் செல்லும்போது முழங்கால்களை மடித்து, கால்விரல்களின் பக்கம் எடையை மெல்ல மாற்றினால் பலகை அப்பக்கம் வளையும். குதிகால் பக்கம் மாற்றினால் மறுபுறம் வளையும். இரு புறமும் தாம் எண்ணிய இடத்தில் வளைய முடிகிற வரையில் உடையாத அலைகளைத் தேடிச் செல்ல வேண்டியதில்லை.

அடுத்தது பார்வை. கால்களைப் பார்த்துக்கொண்டு திரும்ப முயல்வதே தொடக்கநிலையினரிடம் மிகுதியாகக் காணப்படும் குறை. செல்ல வேண்டிய இடத்தைக் கண் நோக்கினால் தலை திரும்பும். தலையைத் தோள் பின்தொடரும். தோளை இடுப்பும், இடுப்பை முழங்காலும், முழங்காலைப் பாதமும் பின்தொடரும். இவ்வரிசை தலைகீழானால், பாதம் பலகையைத் தள்ளும், உடலோ பழைய திசையிலேயே செல்லும், விளைவு, வீழ்ச்சி.

மூன்றாவது பின்காலின் இடம். நெடும்பலகையின் நடுவில் நின்றவாறு எவ்வளவு சாய்ந்தாலும் அது சோம்பலாகவே வளையும். பின்காலை ஃபின்களுக்கு மேலாகப் பின்னே நகர்த்தி அழுத்தினால், அதே பலகை உயிர்பெற்றதுபோல் சுழலும். இந்த நகர்வைப் பழகியவருக்குக் குறும்பலகையில் பாதி வேலை முடிந்துவிட்டது எனலாம். ஏனெனில் குறும்பலகையில் பின்கால் தொடக்கத்திலேயே அவ்விடத்தில் ஊன்றப்படவேண்டும்.

நான்காவது, அலையின் அடிவாரத்தில் நிகழும் முதல் திருப்பம். உடையாத அலையில் இறங்கி, வேகம் மிகுந்திருக்கும் அடிவாரத்தை அடைந்ததும், உடலைக் குறுக்கி அமர்வதுபோல் தாழ்ந்து, அலையை நோக்கிச் சாய்ந்து, அதன் மேல்விளிம்பைப் பார்க்கவேண்டும். பலகை மேல்நோக்கி வளையத் தொடங்கியதும் கால்களை நீட்டி எழவேண்டும். இவ்வாறு தாழ்ந்து எழுவதே அடுத்த திருப்பத்திற்கான வேகத்தைத் தருகிறது. வேகம் இல்லாத இடத்தில் திரும்ப முயன்றால் பலகை நின்றுவிடும். நின்ற மிதிவண்டியைத் திருப்ப முயல்வதை இதற்கு ஒப்பிடலாம்.

அலை இல்லாத நாள்களில் தரையிலும் இதைப் பழகலாம். சமதளத்தில் ஸ்கேட்போர்டின்மீது தலைக்கவசமும் முழங்கால் கவசமும் அணிந்து, தாழ்ந்து எழுவதையும் பார்வையால் திருப்பத்தை வழிநடத்துவதையும் நாள்தோறும் சிறிது நேரம் பயின்றால், கடலில் உடல் தானே நினைவுகூரும்.

திரும்புதல் அழகன்று, கடமை

கோவளமும் வர்க்கலையும் அலைச்சறுக்கு வீரர்களுக்கு மட்டுமே உரிய கடற்கரைகள் அல்ல. விடுமுறை நாள்களில் குடும்பத்தோடு நீராட வருவோர் ஏராளம். சிறுவர்கள் அலையோரத்தில் விளையாடுவர். ஓரிரு இடங்களில் பாறைகளும் உண்டு. திரும்பத் தெரியாதவர் அலை கொண்டுசெல்லும் திசையில் நேராகச் செல்வதைத் தவிர வேறு வழி அறியார். எதிரே ஒரு குழந்தை நின்றால் அவரால் விலக முடியாது. தொடக்கநிலைப் பலகைகளின் மேற்பகுதி மென்மையான நுரைப்பொருளால் ஆனது. மோதினாலும் காயம் பெரும்பாலும் சிறிதாகவே இருக்கும். குறும்பலகைகளோ கண்ணாடியிழையால் ஆனவை. மூக்கு கூரியது, ஃபின் கத்திபோன்றது. திரும்பக் கற்காமல் குறும்பலகைக்கு மாறுபவர், கட்டுப்பாடு குறைந்த நிலையில் ஆபத்து மிகுந்த கருவியைக் கையில் எடுக்கிறார். பலகையின் நீளத்தைக் குறைக்குமுன் திருப்பத்தைத் தமதாக்கிக்கொள்ள வேண்டும் என்பதற்குத் தலையாய காரணம் இதுவே.

மாறுவதற்கு உரிய காலம் எது? உடையாத அலையைப் பிறர் உதவியின்றிப் பிடிக்க முடிகிறதா? வலமும் இடமும் விரும்பியபடி அலைமுகத்தில் செல்ல முடிகிறதா? குறிப்பிட்ட ஓர் இடத்தில் திரும்பவோ, அலையைவிட்டு வெளியேறவோ இயல்கிறதா? இம்மூன்றுக்கும் ‘ஆம்’ என்று பயிற்சியாளர் சொன்னால் மாறலாம். அப்போதும் ஒன்பது அடியிலிருந்து ஆறடிக்குத் தாவுதல் கூடாது. எட்டடி, அதன்பின் ஏழரை, ஏழு என்று படிப்படியாக இறங்குவதே முறை. ஒவ்வொரு படியிலும் முதல் சில நாள்கள் முன்பைவிடக் குறைவாகவே அலைகள் கிடைக்கும். அது பின்னடைவு அன்று. மாற்றத்திற்கு நாம் செலுத்தும் விலை.

கடலின் குணம் அறிதல்

திருவனந்தபுரம் கடற்கரையில் நவம்பர் முதல் ஏப்ரல் வரையுள்ள மாதங்களே கற்பதற்கு ஏற்றவை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றால் கடல் கொந்தளிக்கும். அக்காலம் கற்போருக்கு உரியதன்று. பருவமழைக்கு முந்தைய மாதங்களில் இன்னொரு ஆபத்தும் உண்டு. தொலைதூரத் தென்கடலில் எழும் பேரலைகள் இங்குக் காற்றோ மழையோ இல்லாத நாளிலும் திடீரெனக் கரையைத் தாக்கும். திருட்டுத்தனமாக வருவதால் கேரள மீனவர்கள் இதற்குக் ‘கள்ளக்கடல்’ என்று பெயரிட்டனர். ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் அப்பெயரையே தன் எச்சரிக்கைகளில் பயன்படுத்துகிறது. 2024ஆம் ஆண்டு மே மாதம், அண்டையிலுள்ள கன்னியாகுமரி மாவட்டத்தின் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐவர் அலையில் சிக்கி உயிரிழந்ததை நாம் மறக்கலாகாது. வானம் தெளிவாக இருப்பது கடல் அமைதியாக இருப்பதற்குச் சான்றன்று. எச்சரிக்கை உள்ள நாளில் பலகையைத் தொடாதிருப்பதும் பயிற்சியின் ஒரு பகுதியே.

இழுப்பு நீரோட்டத்தையும் அறிந்திருத்தல் இன்றியமையாதது. அலைகள் கரைக்குக் கொண்டுவந்து சேர்க்கும் நீர், குறுகிய ஒரு வழியே விரைந்து கடலுக்குத் திரும்பும். அவ்விடத்தில் அலைகள் குறைவாகவே உடையும். அதனால் பார்வைக்கு அதுவே பாதுகாப்பான இடம்போல் தோன்றும். அதில் சிக்கியவர் கரையை நோக்கி எதிர்த்து நீந்திக் களைத்துப் போவதே உயிரிழப்புக்குப் பெருங்காரணமாகிறது. பதற்றமின்றி, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து நீரோட்டத்தைவிட்டு விலகியபின் கரை திரும்பவேண்டும். பலகையைக் கைவிடலாகாது, காலில் கட்டிய கயிற்றையும் அவிழ்க்கலாகாது. மிதக்கும் பலகை உயிர்காக்கும் துணை. குறும்பலகை நெடும்பலகையளவு உடலைத் தாங்காது என்பதும் இங்கு நினைவில் இருக்கட்டும். சிவப்புக் கொடி பறக்கும் இடத்தில் இறங்காதிருப்பதும், உயிர்காப்போரின் சொல்லுக்கு உடனே கட்டுப்படுவதும் யாவருக்கும் பொதுவான விதிகள்.

வாங்குமுன் சில சொற்கள்

ஆர்வத்தின் வேகத்தில் முதல் மாதத்திலேயே சொந்தப் பலகை வாங்குவோர் உண்டு. திறன் வளர வளரத் தேவைப்படும் நீளம் மாறிக்கொண்டே இருப்பதால், அப்பலகை விரைவில் வீட்டுச் சுவரில் சாய்ந்து நிற்கும். பயிற்சிப் பள்ளிகளில் வெவ்வேறு நீளமுள்ள பலகைகளை வாடகைக்கு எடுத்து, ஒவ்வொன்றிலும் சில நாள்கள் பயின்று, தம் எடைக்கும் திறனுக்கும் ஏற்ற பருமனை அறிந்தபின் வாங்குவதே சிக்கனம். பயன்படுத்திய பலகையை வாங்குவோர், விரிசலும் நீர்க்கசிவும் உள்ளனவா என்று பார்க்கவேண்டும். உள்ளே நீர் புகுந்த பலகை நாள்தோறும் கனத்துக்கொண்டே போகும். விபத்துக் காப்பீடோ பயணக் காப்பீடோ வைத்திருப்பவர்கள், சாகச விளையாட்டுகளில் நேரும் காயங்களுக்கு அதில் இடம் உண்டா என்பதை ஒப்பந்த விதிகளைப் படித்துத் தெளிந்துகொள்வது நன்று. பல காப்பீடுகளில் அவை விலக்கப்பட்டிருக்கும்.

நீந்தத் தெரிந்த எவரும், நடுவயதினரும்கூட, நல்ல பயிற்சியாளரின் மேற்பார்வையில் இக்கலையைத் தொடங்கலாம். குறும்பலகையை எட்டாமலே ஆயுள் முழுதும் நெடும்பலகையில் இனிதாகச் சறுக்குவோரும் உலகில் பலர். பலகையின் நீளம் தகுதியின் அளவுகோல் அன்று. எதிரே வருபவரைக் கண்டு உரிய நேரத்தில் விலகி, நினைத்த இடத்தில் திரும்பி, பாதுகாப்பாகக் கரை சேர்பவரே அலையை அறிந்தவர்.